ஆய்த எழுத்தில் தொடங்கும் பெயர்

வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச் முடிவதற்குள்,
ஏற்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கி வருவார்
எஸ்.பி. ஆபீஸ் மாடிக்கு.
வெளிநாட்டவர் பதிவுப் பிரிவு என்றால்
நானும் ஒரு பீரோவும்தான்.

பதிவேட்டில் தமிழிலும் பெயர் எழுத வேண்டும்.
ஃபரங்கீஸ்.
அடுப்புக்கல் மூன்றைக் கூட்டிவிட்டுத்தான்
பெயரையே ஏற்ற வேண்டியிருந்தது.
என் சர்வீஸில் அப்படித் தொடங்கும் பெயர்
இது ஒன்றுதான்.

பிறந்த ஊர், இஸ்ஃபஹான்.
தொழில், ஆசிரியை, ஓய்வு.
உண்மையில் பாடம் நடத்தியது பதினோரு மாதம்,
அதற்குள் பிடித்துப் போய்விட்டார்கள்.
முன்பு தண்டனை பெற்றதுண்டா?
பேனாவை மூடி வைத்துச் சிரித்தார்.
"எந்த ராஜாங்கத்தில் என்று
உங்கள் படிவம் கேட்கவில்லையே."

ஷா இருந்தபோது நான்கு வருஷம்,
துணி மில் ஆட்களுக்கு நோட்டீஸ் அச்சடித்ததற்கு.
ஷாவை விரட்டத் தொண்டை கிழியக் கத்திவிட்டு
வந்தவர்களிடம் ஆறு வருஷம்.
அதே கட்டடம், சுவருக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு.
முதல் தடவை, மாஸ்கோ எவ்வளவு கொடுத்தது என்றார்கள்.
அடுத்த தடவை டெல் அவிவ்.
"பத்து வருஷத்தில் என் கைக்கு வந்தது
மனு பார்க்க வந்த அம்மா
சோப்புக்குள் செருகித் தந்த ஒற்றை நோட்டு."

நோட்டீஸில் உன் பெயர் வேண்டாம்,
யூதப் பெயர், வேறு மாதிரிப் பேசுவார்கள் என்றார்களாம் தோழர்கள்.
ஜெப ஆலயத்துக்காரர்கள்
உன்னால் எங்கள் கதவையும் தட்டப் போகிறார்கள் என்று
அம்மாவிடம் வந்து அழுதார்களாம்.
லாஸ் ஏஞ்சல்ஸ் அண்ணன் அனுப்பிய காகிதங்களை
அவர் திருப்பி அனுப்பினார்.
"இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாக அங்கே இருக்கிறோம்,
வாடகைக்காரி மாதிரி ஏன் காலி பண்ண வேண்டும்?"
பிறகு ஏன் காலி பண்ணினீர்கள் என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
பல்லிடுக்கில் பனங்கற்கண்டை வைத்துக்கொண்டு
வரக்காப்பி நிறத்து டீயை
கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார்.

மதம் என்ற கட்டத்தைக் காலியாக விட
கம்ப்யூட்டர் ஒப்பாது.
கடவுள் இல்லை என்கிறவர்தானே,
'இல்லை' என்று போடட்டுமா?
ஜன்னல் பக்கம் பார்த்தபடி யோசித்தார்.
"வேண்டாம். யூதர் என்றே போடு.
அதைச் சொல்லிச் சொல்லித்தான் அடித்தார்கள்.
இப்போது விட்டுவிட்டால்
அடித்தது சரி என்றாகிவிடும்."

பஸ் அஸ்தம்பட்டி தாண்டும்போது
ஜெயில் பக்கத்து ஜன்னலில்தான் உட்காருவாராம்.
ஐம்பதாம் வருஷம் அதற்குள்ளே வைத்துச் சுட்ட
இருபத்திரண்டு பேரைப் பற்றி
எனக்குச் சொன்னவர் அவர்தான்.
நான் குகையில் பிறந்து வளர்ந்தவள்.

இந்த வருஷம் கோடை மழை முந்திக்கொண்டது.
தொப்பலாக நனைந்து ஏறி வந்தார்,
கையில் குடை, மடித்தபடி.
துண்டு கொடுத்தேன், வாங்கவில்லை.
"என் பாட்டனார் காலத்தில்
மழை நாளில் நாங்கள் தெருவுக்கு வரக்கூடாது.
எங்கள் மேல் பட்ட தண்ணீர் ஓடி
அடுத்தவன் காலில் பட்டால் அது..."
இங்கிலீஷில் சொல் தேடித் தடுமாறினார்.
தீட்டு, என்று எடுத்துக் கொடுத்தேன்.
எங்கள் ஆட்களுக்கு அது ஆக
மழை வரும்வரை காத்திருப்பதில்லை என்றும் சொன்னேன்.
தீட்டு, தீட்டு என்று
இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்,
புது ஊரின் பெயரைச் சொல்லிப் பார்ப்பது போல.

டெல்லியிலிருந்து உத்தரவு வரவில்லை.
நீட்டிப்பு நிலுவையில் என்று எழுதிக் கொடுத்தேன்.
மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார்.
மாடியிலிருந்து பார்த்தேன்.
கலெக்டர் ஆபீஸ் வாசலில் நெரிசல்,
அவர் மேல் விழுந்த மழை
தார் ரோட்டில் ஓடி
யார் யார் காலையோ நனைத்துக்கொண்டிருந்தது.
ஒருவரும் விலகவில்லை.

திரும்பினால் மேஜை மேல் குடை.
விட்டுப்போன பொருள் பதிவேட்டில் ஏற்றினேன்:
கறுப்புக் குடை, ஒன்று.
உள்பக்கம் நனையாதது.